எல்லா உறிஞ்சலும் ஒன்றா?

கேள்வி: பொருள் ஒளியை உறிஞ்சுகிறது, கடல் வாயுவை உறிஞ்சுகிறது, குடல் சத்தை உறிஞ்சுகிறது என்கிறார்கள். மூன்றிலும் நடப்பது ஒன்றேதானா?

பதில்: இல்லை. வெளியில் இருந்தது உள்ளே போகிறது என்பது மட்டும்தான் பொது. போனது அப்புறம் என்ன ஆனது என்று கேளுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

சிறுகுடலில் குளுக்கோஸ் குளுக்கோஸாகவே இரத்தத்துக்குப் போகிறது. அதுவும் சும்மா ஊறிப் போவதில்லை. குடல் சுவரின் செல்களில் உள்ள ஒரு புரதம், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு 2 சோடியம் அயனிகளையும் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே இருப்பது இதனால்தான். எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய அறிவு இது, இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒளி விஷயம் வேறு. ஓர் அணு ஒரு ஃபோட்டானை, அதாவது ஓர் ஒளித்துகளை, உறிஞ்சினால் அந்த ஃபோட்டானே இல்லாமல் போய்விடுகிறது, அணுவுக்குள் தேடினாலும் கிடைக்காது. அதன் ஆற்றல் மட்டும் எலக்ட்ரானை மேல்மட்டத்துக்குத் தூக்கிவிடுகிறது. எந்த ஃபோட்டானையும் அணு ஏற்றுக்கொள்வதும் இல்லை, தன் ஆற்றல் மட்டங்களுக்குச் சரியாகப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையில் கறுப்புக் கோடுகள் விழுவது அதனால்தான். 1814-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரான்ஹோஃபர் அவற்றை நூற்றுக்கணக்கில் குறித்து வைத்தார், 1859-ல் இன்னொரு ஜெர்மன் இயற்பியலாளர் கிர்க்காஃப் காரணத்தை விளக்கினார். சூரியனில் சோடியம் இருக்கிறது என்பதை அங்கே போகாமலே கண்டுபிடித்தது இப்படித்தான், எனக்கு இது இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கடல் இன்னொரு வகை. கார்பன் டை ஆக்சைடு கரைந்ததும் தண்ணீரோடு வினைபுரிந்து பெரும்பகுதி பைகார்பனேட் என்ற வேறு பொருளாகிவிடுகிறது. மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் இப்படி வாங்கிக்கொள்கிறது, அதற்கு விலையாக அதன் அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகிறது.

கேள்வி: அப்படியானால் தண்ணீர் வடிகட்டியில் உள்ள கரி?

பதில்: அது உறிஞ்சுவதே இல்லை. மாசு கரிக்குள் கரைவதில்லை, நுண்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் இதைப் பரப்பு கவர்தல் என்பார்கள். வடிகட்டிகளில் போடும் கரியில் 1 கிராமுக்குள்ளேயே 500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு இருக்கும். ஆனாலும் இடம் நிரம்பிவிட்டால் அடுத்து வருவது ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும், அதனால் குறித்த காலத்தில் கரியை மாற்றிவிடுங்கள்.