இரும்பு மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். குடலில் தீராத அழற்சியை உண்டாக்கும் க்ரோன் நோய்க்காகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியை இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 9.4-ஐத் தாண்டவில்லை. மேடேறினால் மூச்சு வாங்குகிறது; உள்ளங்கால் மரத்துப்போகிறது. என்ன செய்வது?
– வாசகி, ஏற்காடு

பதில்: உள்ளங்கால் மரத்துப்போவதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், சகோதரி. வைட்டமின் பி12-ஐ உடல் உறிஞ்சுவது பெரும்பாலும் உங்களுக்கு அகற்றப்பட்ட அந்தக் கடைசிப் பகுதியில்தான் என்பதால், பாலும் முட்டையும் எவ்வளவு சாப்பிட்டாலும் அச்சத்து உடலில் போதிய அளவு சேராமல், நரம்புகள் பாதிக்கப்பட்டு இப்படி மரத்துப்போகலாம். எனவே இந்த வாரமே சேலத்துக்கு இறங்கி, குடல் மருத்துவரிடம் பி12, ஃபோலிக் அமிலம், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பின் சேமிப்பைக் காட்டும் புரதம்) ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பி12 குறைந்திருந்தால் ஊசி தேவைப்படும். பலருக்கு அது வாழ்நாள் முழுவதும் தொடரும். பி12-ஐச் சரிசெய்யாமல் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இரத்த அளவு தேறியதுபோல் தோன்றும், நரம்புப் பாதிப்போ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஃபெரிட்டின் அறிக்கையில் 'இயல்பு' என்றிருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். குடலில் அழற்சி இருக்கும்போது அது 100 வரை காட்டினாலும் இரும்புக் குறைபாடு இருக்கக்கூடும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருப்பவர்களுக்கு இரும்புச்சத்தை இரத்தக்குழாய் வழியாக ஏற்றுவதே பொதுவாக ஏற்றது. அதை மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை மாத்திரையைக் காப்பியுடன் விழுங்காமல், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.