ஜோடியாக எட்டு நாள் மலைச் சைக்கிள் பந்தயம்: போகலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 44 வயது, கோவையில் இருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் அடுத்த மார்ச்சில் நடக்கும் கேப் எபிக் மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு நண்பரும் நானும் ஜோடியாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். அவருக்கு 35. எனக்கு ரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டன் எச் காலையில் ஒன்று. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.6. சென்ற மே மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு இரண்டு முறை ஏறினோம். மூட்டு வலிக்காக ஐபுப்ரோஃபென் 400 புறப்படும்போது ஒன்று, வழியில் ஒன்று போட்டேன். தண்ணீர் குறையக் கூடாது என்று ஆறு லிட்டருக்கு மேல் குடித்தேன். கடைசியில் தலைவலி, வாந்தி, விரல்கள் வீங்கி மோதிரம் கழற்ற வரவில்லை. ஆஸ்பத்திரியில் நீர்ச்சத்துக் குறைவு என்று சொல்லி டிரிப் ஏற்றினார்கள். அன்று சோடியம் 128, கிரியேட்டினின் 1.5. இப்போது இரண்டும் சரியாகிவிட்டன. நீண்ட நேரம் ஓட்டினால் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. பந்தயத்தில் தினமும் மாலை ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்கிறார் நண்பர். நான் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடும், மே மாதம் ஓட்டிய முறையிலும் என்றால் போக வேண்டாம். அவற்றை மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது. மாற்றினால் போகலாம்.

முதலில் அந்த மே மாத விஷயம். உங்களுக்கு அன்று நீர்ச்சத்துக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை. தண்ணீர் வற்றிப்போனவருக்கு மோதிரம் கழன்று விழ வேண்டும், இறுகிக்கொள்ளாது. வீங்கிய விரல், தலைவலி, வாந்தி, சோடியம் 128 (குறைந்தது 135 இருக்க வேண்டும்) எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உடம்பு வெளியேற்ற முடிந்ததைவிட அதிகமாகக் குடித்து ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போயிருக்கிறது. நீண்ட நேரம் உடலை வருத்தும்போது, தண்ணீரைப் பிடித்து வைக்கச் சொல்லும் ஒரு ஹார்மோன் மூளையிலிருந்து கூடுதலாகச் சுரக்கும். சிறுநீர் குறையும். அந்த நேரத்தில் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் உள்ளே போனால் அது தேங்கத்தான் செய்யும். சோடியம் இன்னும் இறங்கினால் மூளை வீங்கும். குழப்பம், வலிப்பு, மரணம் வரை போகும்.

இதை முதன்முதலில் விவரமாக எழுதியவர்களில் ஒருவர், நீங்கள் போகப்போகும் கேப் டவுனைச் சேர்ந்த டிம் நோக்ஸ் என்ற மருத்துவர்தான். நீண்ட தூரப் போட்டிகளில் இப்படி விழுந்த நால்வரைப் பற்றி அவரும் சகாக்களும் 1985-ல் எழுதினார்கள். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135-க்கோ அதற்குக் கீழோ இருந்தது. ஆகவே இது அபூர்வம் இல்லை. ஆனால் நம் ஊரில் வெயிலில் மயங்கினாலே "தண்ணி பத்தல" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

சரி, அதே அளவு குடித்த நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லையே? உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். டெல்மிசார்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த 'எச்', ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற இன்னொரு மருந்து. உப்பையும் நீரையும் சிறுநீர் வழியாகத் தள்ளி ரத்தக் கொதிப்பைக் குறைப்பது அதன் வேலை. சோடியம் குறைவதற்கு மிகப் பரிச்சயமான மருந்துக் காரணங்களில் அதுவும் ஒன்று. வீட்டில் உட்கார்ந்திருக்கும் முதியவர்களுக்கே குறையும். ஏழு மணி நேரம் வியர்த்து ஓட்டுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் மேல் ஐபுப்ரோஃபென். நீர் குறைந்தாலும் சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டம் குறையாமல் உடம்பு இரண்டு வழிகளில் பார்த்துக்கொள்கிறது: உள்ளே வரும் ரத்தக் குழாயை விரித்து வைக்கும், வெளியே போகும் குழாயைச் சுருக்கி வைக்கும். வலி மாத்திரை முதல் வழியை அடைக்கிறது. டெல்மிசார்டன் இரண்டாவதை அடைக்கிறது. 'எச்' இருக்கும் நீரையும் இறைத்துவிடுகிறது. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும் என்பது மருத்துவக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். சிறுநீரகம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் உங்களுக்கு 1.5-க்குப் போனது அப்படித்தான் என்று நினைக்கிறேன். போதாததற்கு, நீரைப் பிடித்து வைக்கும் அந்த ஹார்மோனின் வேலையையும் ஐபுப்ரோஃபென் கூட்டும்.

மாத்திரை எதுவும் சாப்பிடாத ஆரோக்கியமானவர்களுக்கும் இது பொருந்தும். 80 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயங்களில் ஒரு சாராருக்கு நான்கு மணிக்கொருமுறை ஐபுப்ரோஃபென் 400, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. சிறுநீரகப் பாதிப்பு ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு, எடுக்காதவர்களில் மூன்றில் ஒருவருக்கு. எண்ணிக்கை சிறியது, வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் வெற்று மாத்திரை எடுத்தவர்களிலேயே மூன்றில் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். தூரமே சிறுநீரகத்தை வாட்டுகிறது. அதன் மேல் நாம் வேறு எதையும் ஏற்றக் கூடாது.

எனவே இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து 'எச்' இல்லாத மருந்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தனி டெல்மிசார்டன் போதுமா, அம்லோடிபின் சேர்க்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்றிய பிறகு இரண்டு மாதம் வீட்டில் பிரஷர் பார்த்து எழுதி வைத்தால்தான் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று தெரியும். இன்னொரு விஷயம், ஹைட்ரோகுளோரோதயசைடு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. பரிசு வாங்கப் போகாதவருக்கும் விதி ஒன்றுதான். வலிக்கு பாராசிட்டமால் போதும். அதற்கும் அடங்காத வலி என்றால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பரின் குளுக்கோஸ் பாட்டில் யோசனையை மறந்துவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவதே தடை. ஆஸ்பத்திரியில் உண்மையான சிகிச்சைக்காக என்றால் மட்டும் விலக்கு. அந்தத் தடை இல்லாவிட்டாலும், சோடியம் குறைந்தவருக்கு குளுக்கோஸ் தண்ணீர் ஏற்றுவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுதான். வாய் வழியாகக் குடிக்க முடிகிறவருக்கு ஊசி எதற்கு?

எவ்வளவு குடிப்பது? தாகம் எடுத்தால் குடியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 400 முதல் 800 மில்லிக்குள் அடங்கிவிடும். குளிர்ந்த காலையில் குறைவு, மதிய வெயிலில் அதிகம். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: 70 கிலோ ஆள் ஒன்று, ஒன்றரை கிலோ குறைந்து வந்தால் சரி. எடை கூடியிருந்தால் நீங்கள் அதிகம் குடித்திருக்கிறீர்கள், அதில் பேச்சே இல்லை. உப்புக்கு ஓஆர்எஸ் நல்லதுதான். ஆனால் உப்புப் போட்டுக் குடித்தால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அளவு மீறினால் ஓஆர்எஸ்ஸும் சோடியத்தை நீர்க்கச் செய்யும்.

சாப்பாடு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் வரும். மீதியைப் பேரீச்சம்பழமோ கடலை மிட்டாயோ ஜெல்லோ நிரப்பும். சர்க்கரைக்காரர் இனிப்பு சாப்பிடலாமா என்று தயங்குவீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமல் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், ஆகவே சைக்கிள் மேல் இருக்கும்போது சாப்பிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தடாலென்று இறங்குவது அரிது. (கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரை எடுக்கும் வாசகர்கள் இதைத் தங்களுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டாம். அவர்களுக்கு இறங்கும்.) வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்த நாளில் மெட்ஃபார்மினையும் டெல்மிசார்டனையும் நிறுத்தி வைப்பது பற்றி இப்போதே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஜோடி விஷயம். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். கேப் எபிக் முன்னோட்டச் சுற்றோடு சேர்த்து எட்டு நாள், 600 முதல் 700 கிலோமீட்டர், 15,000 மீட்டர் அளவுக்கு ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு எட்டு முறை ஏறுகிற உயரம், அதுவும் தார்ச் சாலையில் இல்லை. 2004-ல் தொடங்கியதிலிருந்தே இருவர் அணிதான். இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. ஒருவர் விலகினால் மற்றவர் தனியாக ஓட்டி முடிக்கலாம், ஆனால் அணியாக முடித்த கணக்கில் வராது. தனியாக ஓட்டுகிறவர் நெஞ்சு அடைத்தால் நின்றுவிடுவார். பத்து மாதம் கூடவே பயிற்சி எடுத்த நண்பர் முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போகும்போது நிற்க மனசு வராது. "கொஞ்சம் வயிறு சரியில்லை, நீ போ, வந்துடறேன்" என்பார்கள். இப்படி மறைக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

அதனால் உங்கள் மாத்திரை, மே மாத ரிப்போர்ட் எல்லாம் நண்பருக்குத் தெரிய வேண்டும். தெரியாதென்றால் இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். வேகம் உங்களுடையதாக இருக்கட்டும். ஏற்றத்தில் நீங்கள் முன்னால், அவர் பின்னால். அவர் உங்களைப் பார்த்துக்கொண்டே வரலாம், நீங்கள் அவரைத் துரத்த வேண்டியிருக்காது. ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் ஒருவரையொருவர் ஏதாவது கேளுங்கள்: இன்னும் எத்தனை கிலோமீட்டர், கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாய் என்று. பதில் குழறினாலோ எரிந்து விழுந்தாலோ மருத்துவக் குழுவைக் கூப்பிட வேண்டியது கேட்டவரின் பொறுப்பு. பாதிக்கப்பட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது கணக்கில் வராது. திரும்பத் திரும்ப வாந்தி, மோதிரம் இறுகுவது, நெஞ்சில் அழுத்தம், கோலா நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும். இதை கோவையிலேயே பேசி முடித்துவிடுங்கள். மலை மேல் நின்றுகொண்டு பேசினால் யாருக்கும் நியாயமாகப் பேச வராது.

காய்ச்சலோடு ஓட்டக் கூடாது என்பதையும் அந்தப் பேச்சில் சேருங்கள். வைரஸ் காய்ச்சலின்போது இதயத் தசையிலும் அழற்சி இருக்கக்கூடும். அந்த நேரத்தில் கடும் உழைப்பு இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

இதயப் பரிசோதனை உங்களுக்குக் கட்டாயம். 44 வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, அதோடு மாரடைப்பு சீக்கிரமே வரும் நம் இனவாகு. படுக்க வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. மட்டும் போதாது. இதய மருத்துவரிடம் எக்கோவும் ட்ரெட்மில்லும் பாருங்கள். மேற்கொண்டு ஸ்கேன் வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

சுண்டுவிரல் மரத்துப்போவது, உள்ளங்கையின் அடிப்பகுதியில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னார் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்குவதால். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமலிருக்கக் கட்டைவிரலின் நுனி மூட்டு தானாக மடங்கினால் தசையும் பலவீனமாகிவிட்டது; நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மடங்காவிட்டால் சைக்கிளைச் சரிசெய்தாலே போதும். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பின் பாரம் முழுக்கக் கைக்கு வரும், முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் அகலமான கைப்பிடி, முன் ஷாக்கின் காற்று. சர்க்கரை உள்ளவரின் நரம்பு அழுத்தத்தைக் குறைவாகத்தான் தாங்கும், ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

சேற்றையும் சொல்லிவிடுகிறேன். 2008-ல் வேல்ஸ் நாட்டின் பில்த் வெல்ஸில் நடந்த ஒரு மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் பிறகு பலருக்கு கேம்பைலோபாக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தது. ஆட்டுப் புழுக்கை கலந்த சேறு சக்கரத்திலிருந்து வாய்க்கும் பாட்டிலுக்கும் தெறித்ததுதான் காரணமாகத் தெரிந்தது. கேப் எபிக் பாதையும் பண்ணைகள் வழியாகப் போகும். வாய்ப்பகுதிக்கு மூடி உள்ள பாட்டில் வாங்குங்கள். முதல் மடக்கைக் கொப்பளித்துத் துப்புங்கள். வெஸ்டர்ன் கேப் பகுதியில் மலேரியா கிடையாது, அதற்கு மாத்திரை வேண்டாம். அடிஸ் அபாபாவோ நைரோபியோ வழியாகப் போய் அங்கே நீண்ட நேரம் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு ஒத்திகை. அணியில் ஆள் மாற்றக் கடைசித் தேதி எது என்று பார்த்து வைத்து, அதற்கு முன்பாக, புது மாத்திரையோடு, வலி மாத்திரை இல்லாமல், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மூன்று நாள் தொடர்ந்து, நாளுக்கு ஆறு மணி நேரம் இருவரும் ஓட்டுங்கள். மூன்றாம் நாள் முடித்த உடனே ரத்தம் கொடுங்கள். சோடியம், கிரியேட்டினின், சிபிகே (தசை நைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) மூன்றும் வேண்டும். சிபிகே ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம், கடுமையாக ஓட்டிய தசை அப்படித்தான் காட்டும். சோடியம் 135-க்குக் கீழே இருந்தாலோ கிரியேட்டினின் 1.3-ஐத் தாண்டியிருந்தாலோ இந்த வருடம் உங்கள் இடத்தில் நண்பர் வேறொருவரைச் சேர்த்துக்கொள்ளட்டும். நீங்கள் சிறுநீரக மருத்துவரிடம் காட்டி, காரணம் தெரிந்த பிறகு மறு வருடத்துக்குப் பெயர் கொடுங்கள்.