பிராடா மார்ஃபா: திறக்காத கடையில் குயர் கலை எங்கே?

"டெக்சாஸ் பாலைவனத்தில் நிற்கும் அந்த பிராடா கடை வெறும் விளம்பரம்தானே, அதில் குயர் கலை எங்கே வந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். (குயர் என்பது தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோரைக் குறிக்கும் சொல்.) இன்ஸ்டாகிராமில் அதன் முன்னால் குதிக்கும் படங்களை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அது உண்மையான கடை அல்ல, கடை போலவே கட்டிய 'பிராடா மார்ஃபா' என்ற கலைப்படைப்பு. ஆடம்பரப் பொருள் நிறுவனமான பிராடா இதில் காசு போடவில்லை. பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதித்தது. 2005 இலையுதிர் காலச் செருப்புகளும் பைகளும் தந்தது, அவ்வளவுதான். கட்டியவர்கள் எல்ம்கிரீன், டிராக்செட் என்ற இரண்டு கலைஞர்கள். ஒருவர் டென்மார்க், மற்றவர் நார்வே. ஒருகாலத்தில் வாழ்க்கைத் துணைகளாகவும் இருந்தவர்கள்.

சுவர் சுடாத மண் கல். மராமத்தே பார்க்காமல் மண்ணோடு மண்ணாக விட்டுவிடுவது என்பதுதான் திட்டம். இந்தச் சுவருக்கு எமன் வெயில் இல்லை, தண்ணீர். அந்தப் பக்கம் மழை பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். தரையில் பட்டுத் தெறிக்கும் நீர் சுவரின் அடியை அரிக்கும். சிமென்ட் பூசிக் காப்பாற்றலாம் என்று நினைத்தால் இன்னும் மோசம்: ஈரம் வெளியேற வழியில்லாமல், மேல்பூச்சு பளபளவென்று இருக்கும்போதே உள்ளே கல் குழைந்துவிடும். ஆனால் திட்டத்தைக் கெடுத்தது மழை அல்ல. படைப்பைத் திறந்து வைத்த சில நாளிலேயே திருடர்கள் உடைத்துப் புகுந்து, 6 பைகளையும் 14 செருப்புகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். செருப்பெல்லாம் வலது காலுக்கு மட்டும்! அதனால் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. திருட்டைத் தடுக்க, அப்புறம் வைத்த பைகளுக்கு அடிப்பாகமே கிடையாது.

இனி உங்கள் கேள்வி. இதே இருவர் 1998இல், டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஆண்கள் ஆண்களைத் தேடி வரும் காட்டுக்குள், துளையிட்ட தடுப்புச் சுவர்களோடு ஒரு வெள்ளைப் பெட்டிக் கட்டடம் வைத்தார்கள். 2008இல் பெர்லினில், நாஜிகளால் வதைபட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கு நினைவுச்சின்னமாக ஒரு கான்கிரீட் கட்டை. சிறு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் முத்தமிடும் இருவர் திரையில் தெரிவார்கள். யாரை உள்ளே விடுவது, யார் எதை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போவது என்பதைச் சுவரும் திறப்பும் தீர்மானிக்கின்றன. பிராடா மார்ஃபாவில் கண்ணாடி எல்லாவற்றையும் காட்டும், கதவு மட்டும் திறக்காது. அங்கே குயர் உருவம் ஒன்றுகூட இல்லையே, இழுத்துப் பிடித்துப் பொருள் சொல்கிறாய் என்று சிலர் பின்னூட்டத்தில் வருவார்கள். வரட்டும். பெட்டியையும் கட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.

இன்னொன்று. பல காட்சிக்கூடங்களில் படைப்புக்குக் கீழே "கலவை ஊடகம்" என்று ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். சுண்ணாம்பா, சிமென்டா, சுட்ட கல்லா, சுடாததா என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?