ரிங் லைட் வேண்டாம், ஒரு வேட்டி போதும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே டெரகோட்டா நகை செய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். ஃப்ளாட் லே என்று மேலேயிருந்து எடுத்து எல்லாரும் போடுகிற படங்கள் அவ்வளவு அழகாக இருக்கின்றன, நான் எடுத்தால் காயலான் கடையில் கொட்டி வைத்த மாதிரி வருகிறது. சுற்றிலும் சிப்பி, பூ, காய்ந்த இலை எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். கையில் போன் மட்டும்தான். ரிங் லைட்டும் பளிங்கு டிசைன் ஷீட்டும் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள். ரிங் லைட் என்கிற வட்ட விளக்கு முகத்துக்கு ஏற்ற சாமான். குழியும் சுருக்கமும் தெரியாமல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அடிக்கும். உங்கள் நகைக்கு அதுதான் எதிரி. களிமண்ணில் நீங்கள் ஊசியால் கீறிய கோடும் ஒட்டிய புள்ளியும் கண்ணுக்குத் தெரிவதே அதன் ஓரத்தில் விழுகிற குட்டி நிழலால்தான். நேர் மேலேயிருந்து வெளிச்சம் அடித்தால் அந்த நிழல் போய்விடும், நிழலோடு வேலைப்பாடும் போய்விடும், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் போல நிற்கும். போதாததற்கு வார்னிஷ் அடித்த ஒவ்வொரு மணியிலும் ஒரு வெள்ளை வளையம் வேறு தெரியும்.

உங்களுக்கு வேண்டியது பக்கவாட்டில் ஒரே திசையிலிருந்து வருகிற வெளிச்சம், அதாவது ஒரு ஜன்னல். ஹாலில் கிடக்கிற டீப்பாயை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளிப் போடுங்கள், அந்த அறையின் விளக்கையெல்லாம் அணைத்துவிடுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் 5500 வாக்கில் இருக்கும், மஞ்சள் எல்இடி பல்பு 2700 முதல் 3000 வரை. இரண்டும் சேர்ந்தால் எதை வெள்ளையென்று எடுத்துக்கொள்வது என்று போன் தடுமாறி, படத்தில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாகக் கொடுக்கும்.

எந்த ஜன்னல் என்று அடுத்துக் கேட்பீர்கள். வெளிநாட்டு வீடியோக்களில் வடக்கு ஜன்னல், வடக்கு ஜன்னல் என்று மந்திரம் மாதிரி சொல்வார்கள், அங்கே வடக்கில் நேர் வெயில் ஏறக்குறைய வருவதே இல்லை. கடலூரும் புதுச்சேரியும் நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரிக்கு உள்ளேதான் இருக்கின்றன. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சூரியன் நம் உச்சியைத் தாண்டி வடக்குப் பக்கமாகத்தான் போகிறது, அதனால் அந்த நாலு மாதமும் தெற்கு ஜன்னலைப் பாருங்கள், மற்ற மாதங்களில் வடக்கு. கிழக்கு ஜன்னல் மட்டும்தான் இருக்கிறதென்றால் காலையில் கடல் பக்க வெயில் சுள்ளென்று உள்ளே இறங்கும். அதற்கு ஒரு வெள்ளைக் காட்டன் வேட்டியை ஒற்றையாக ஜன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள், ஜரிகைக் கரை வெளிச்சம் வரும் வழியில் விழாமல். ஐப்பசி கார்த்திகை மேக மூட்டத்துக்கு அந்த வேட்டியும் தேவையில்லை.

நிழல் ரொம்பக் கறுப்பாக விழுந்தால் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள். கிட்டே வைத்தால் நிழல் வெளுக்கும், தள்ளி வைத்தால் கறுக்கும், உங்களுக்குப் பிடித்த இடத்தில் விட்டுவிடலாம். அது வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவொன்றில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, வெளிச்சம் தங்கமாக இருக்கிறதே என்று அரை நாள் சோப்புக் கட்டிகளை எடுத்தேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் வெள்ளைச் சோப்பெல்லாம் எலுமிச்சை நிறம். எதிரே இருந்த மஞ்சள் சுவர் பண்ணிய வேலை. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு குனிந்து எடுத்தாலும் இதே கதைதான்.

சரி, போன். கிட்டே போய் எடுப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. போனின் சாதாரண லென்ஸே கொஞ்சம் அகலமான பார்வை கொண்டது, கிட்டே போனால் உயரமான பொருளெல்லாம் ஓரத்தில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தெரியும், உங்கள் நிழலும் உள்ளே விழும். 2எக்ஸ் ஜூம் வைத்துக்கொண்டு மூன்றடி உயரத்திலிருந்து எடுங்கள். போன் தரைக்குச் சமமாக இருக்கிறதா என்பதற்கு, கேமரா செட்டிங்கில் கிரிட் கோட்டையோ லெவல் என்பதையோ போட்டுவிட்டால் பல போன்களில் நேர் கீழே பிடிக்கும்போது இரண்டு கூட்டல் குறிகள் வரும், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். அது வராத போனென்றால் கோரைப்பாயை விரித்துப் பாருங்கள், பாயின் கோடுகள் படத்தின் விளிம்போடு இணையாக ஓடினால் போன் நேராக இருக்கிறது. கை நடுக்கத்துக்கு மூன்று விநாடி டைமர்.

ஜிமிக்கிதான் உங்களுக்குத் தகராறு செய்திருக்கும். அதைக் கூம்பு மேலே இருக்கும்படி நிற்க வைத்து உச்சியிலிருந்து எடுத்தால் ஒரு வட்டம்தான் தெரியும், அது ஜிமிக்கியா பட்டனா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், உருளாமலிருக்க அடியில் துளி ப்ளூ டாக் (சுவரில் போஸ்டர் ஒட்டுகிற, பிசைந்த மாவு மாதிரியான பசை), இன்னொன்றை நிற்க வையுங்கள். இப்போது ஜோடியின் இரண்டு பக்கமும் ஒரே படத்தில் வந்துவிடும்.

அடுக்கும் விதத்தில் ஒரு வகை, எல்லாவற்றையும் நேர்க்கோட்டிலும் செங்கோணத்திலும் வைப்பது. 1987ல் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் கெரியின் பட்டறையில் வேலை பார்த்த ஆண்ட்ரூ க்ரோம்லோ, சிதறிக் கிடந்த கருவிகளை இப்படி அடுக்கி அதற்கு 'நோலிங்' என்று பெயர் வைத்தார், அங்கே அப்போது நோல் என்ற நிறுவனத்துக்காக நாற்காலி வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு செட்டில் என்னென்ன வருகிறது என்று காட்ட அது அருமையான முறை. ஆனால் ஒரே ஒரு மாலையை விற்க அது வேண்டாம்: மாலையைத் தளர்வாக ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இறக்குங்கள், நூலின் நுனி படத்துக்கு வெளியே போகட்டும், மீதி இடத்தைக் காலியாக விடுங்கள். காலியாக விடுவதுதான் கஷ்டம், நமக்குக் கை துறுதுறு என்று இருக்கும், அங்கே ஒரு பூ வைத்தால் என்ன என்று தோன்றும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியை நான் கண்டிப்பாக எடுத்துவிடச் சொல்வேன். நகைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பீச் ஓரத்துச் சாவிக்கொத்துக் கடை ஞாபகம்தான் வரும். நாலு மல்லிகை மொட்டு வைக்கலாம். அதன் அளவு எல்லாருக்கும் தெரியும் என்பதால் ஜிமிக்கி எவ்வளவு பெரிது என்பதும் சொல்லாமலே புரியும். சாயங்காலம் மலர்ந்துவிடும், அதற்குள் எடுத்துவிடுங்கள்.

பின்னணிக்குப் பளிங்கு ஷீட் வேண்டாம், பளபளப்பு ஜன்னலையே திருப்பிக் காட்டும். கோரைப்பாயும் செங்கல் நிறத்தோடு கலந்து மங்கும், அதைப் பரிசோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துவைத்து வெளுத்த நீலத் துணி, அதுவும் இண்டிகோ நீலம் என்றால், செங்கல் நிறம் தானாக எழுந்து வரும். நம் ஊருக்கு அது புதிதுமில்லை, 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து நீலச் சாயத் துணி கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனெகலுக்குப் போயிருக்கிறது. கறுப்புப் பெயின்ட் அடித்த நகைக்கு மட்டும் புதுச்சேரியில் கிடைக்கிற கைக்காகிதம், வெள்ளையில். வெள்ளைப் பின்னணியைப் பார்த்தால் போன் பயந்துபோய்ப் படத்தைச் சாம்பலாக்கும், நகையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, திரையில் வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள், படம் வெளுக்கும். நீலத்துக்கு அப்படித் தள்ள வேண்டியதில்லை.

அப்புறம், 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைலில் சதுரக் கட்டங்கள் 3:4 என்று நீளமாக மாறின, அதனால் போனை நெட்டுவாக்கில் பிடித்தே எடுங்கள்.

போடுவதற்கு முன்னால் அதே ஜன்னலோரத்தில் நகையைப் போன் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கையில் செங்கல் நிறம், திரையில் ஆரஞ்சு என்றால் எடிட்டில் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, குறையுங்கள், இல்லாவிட்டால் "படத்தில் வேற கலர் இருந்துச்சே" என்று பார்சல் திரும்பி வரும்.