மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குப் பின் எழுதும் கடிதம்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தங்கள் மகள், அங்கேயே இளநிலைப் பட்டம் முடித்து, அக்டோபரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நேர்காணலுக்கும் சென்றுவந்த நிலையில், பொங்கல் கழிந்தும் பதில் வராததால், சென்னையிலிருந்து தாங்களே அக்கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். தெரிந்த டாக்டர் யாரிடமாவது சொல்லிவைக்கவும் முயல வேண்டாம். பெற்றோர் குறுக்கிட்டால், மகள் சொந்தக் காலில் நிற்கக்கூடியவர்தானா என்ற ஐயமே அங்கே எழும்.

தங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. தமிழ்நாட்டில் 2017 முதல் எம்பிபிஎஸ் இடங்கள் நீட் மதிப்பெண்ணின் அடிப்படையில் தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வுமாக நிரப்பப்படுவதால், ஒரு கல்லூரிக்குக் கடிதம் எழுதி ஆர்வத்தைத் தெரிவிக்கும் வழக்கமே நம்மிடம் இல்லை. அமெரிக்காவிலோ எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத்தேர்வின் மதிப்பெண், பட்டப்படிப்பு மதிப்பெண், சேவை அனுபவம், நேர்காணல் ஆகிய அனைத்தையும் சேர்க்கைக் குழு சேர்த்துப் பார்க்கிறது. தேர்வானவர்களுக்கு இடம் வழங்குவது அக்டோபர் நடுவில் தொடங்கிப் பல மாதங்கள் நீள்கிறது. ஆகவே ஜனவரியில் பதில் வராததை மறுப்பாகக் கொள்ள வேண்டியதில்லை.

மகளே அக்கல்லூரிக்குக் கடிதம் எழுதலாம். அதற்கு முன், நேர்காணலுக்குப் பிறகு கடிதங்களை அக்கல்லூரி ஏற்கிறதா என்பதை அதன் இணையதளத்தில் மகள் பார்க்க வேண்டும். சில கல்லூரிகள் எதையும் அனுப்ப வேண்டாம் என்கின்றன. சில, தங்கள் போர்ட்டலில் மட்டுமே பதிவேற்றச் சொல்கின்றன. அனுப்பாதே என்று சொன்ன இடத்தில் அனுப்புவது கெடுதலையே தரும்.

ஏற்பார்கள் எனில், ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம் போதும். ‘உங்கள் புகழ்பெற்ற கல்லூரியில் பயில்வது என் கனவு’ என்ற வரியைப் பெயரை மட்டும் மாற்றி எந்தக் கல்லூரிக்கும் அனுப்பிவிடலாம் என்பதால், அதற்கு மதிப்பில்லை. ‘நேர்காணலன்று தங்கள் மாணவர்கள் நடத்தும் இலவச கிளினிக்கைப் பற்றிக் கேட்டறிந்தேன், நவம்பர் முதல் முதியோர் இல்லம் ஒன்றில் சனிக்கிழமைதோறும் ரத்த அழுத்தம் பார்த்துவருகிறேன், அந்த கிளினிக்கில் இப்பணியைத் தொடர விரும்புகிறேன்’ என்று எழுதினால், அங்கே கண்டதும், அதன்பின் தான் செய்ததும், இனிச் செய்யப்போவதும் ஒன்றோடொன்று இணைந்து நிற்கின்றன. சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லையென்றால், அது சேரும்வரை பொறுப்பதே நல்லது.

‘இடம் கிடைத்தால் கட்டாயம் இங்கேயே சேர்வேன்’ என்று உறுதியளிப்பதை லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்பார்கள். இதை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் எழுத வேண்டும். சட்டப்படி அது கட்டுப்படுத்தாது என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. ஆனால் நோயாளியின் நம்பிக்கையைப் பெறப்போகிறவர் இரண்டு இடங்களில் ஒரே வாக்கைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. மற்றக் கல்லூரிகளுக்கு ஆர்வம் தொடர்கிறது என்று மட்டும் எழுதினால் போதும். கல்விக்கடன் குறித்து வீட்டில் பேசி முடிக்காமல் அந்த உறுதியை அளிக்க வேண்டாம்.

வெயிட்லிஸ்டில் வைத்தாலும் மனம் தளர வேண்டாம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி வகுத்துள்ள நடைமுறைப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 30-க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். அதன் பிறகே காலியிடங்கள் தெளிவாகி, பட்டியல் நகர்கிறது. வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தாலும் வெயிட்லிஸ்டில் நீடிக்கத் தடையில்லை. எனவே உறுதிக் கடிதத்தை ஏப்ரல் பிற்பகுதிக்கு வைத்துக்கொண்டு, இப்போது புதிய பணிகளைத் தெரிவிக்கும் கடிதத்தை மட்டும் மகளே எழுதி அனுப்பட்டும். அனுப்புமுன் அவர் விரும்பினால் தாங்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டாம்.