வியாழனின் ஓரத்தில் நீலமும் சிவப்பும்: கண்ணாடியை மாற்றணுமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் வியாழனைப் பார்க்கிறேன். மலைக்கு மேலே தலை காட்டியதுமே பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். கோளின் ஒரு ஓரத்தில் நீலம், எதிர் ஓரத்தில் சிவப்பு. படம் எடுத்தாலும் அப்படியே வருகிறது. தொலைநோக்கிக்குள் ஒளியைத் திரட்டும் கண்ணாடியை மாற்றச் சொல்கிறார் நண்பர். மாற்றட்டுமா?

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள். கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே கோணத்தில்தான் திருப்பி அனுப்பும்; நிறம் பிரிக்க அதற்குத் தெரியாது. லென்ஸ் வைத்த தொலைநோக்கியாக இருந்தால்கூட கோளைச் சுற்றிலும் ஊதா வளையம்தான் தெரியும், இப்படி எதிரெதிர் ஓரங்களில் இரண்டு நிறம் வராது. உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: மலைக்கு மேலே தலை காட்டியதுமே பார்க்கிறீர்கள்.

அடிவானத்துக்கு அருகில் காற்று, நிறங்களைப் பிரிக்கும் ஒரு பட்டகம் (பிரிசம்) போல வேலை செய்கிறது. நீல ஒளியைச் சிவப்பைவிடக் கூடுதலாக வளைப்பதால், நீலப் பிம்பம் கொஞ்சம் மேலே தூக்கித் தெரியும். கோள் அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில் இருக்கும்போது இந்த விலகல் சுமார் 2 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). உங்கள் 6 அங்குலத்தால் முக்கால் ஆர்க்செகண்ட் இடைவெளியையே பிரித்துக் காட்ட முடியும் என்பதால், இது கண்ணில் படாமல் போகாது. 45 டிகிரிக்குப் போனால் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும்.

சந்தேகம் இருந்தால் கோளைப் பார்த்தபடியே குழாயின் முனையை லேசாக மேலே தூக்குங்கள். கோள் சிவப்பு ஓரம் இருக்கும் பக்கமாக நகர்ந்தால் அது காற்றின் வேலைதான். படம் தலைகீழாகத் தெரிந்தாலும் இந்தச் சோதனை ஏமாற்றாது. கோளைப் பார்வைப் புலத்தின் நடுவில் வைத்தே செய்யுங்கள். ஓரத்துக்குப் போனால் ஐபீஸும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) தன் பங்குக்கு நிறம் காட்டும். கண்ணை ஐபீஸுக்கு நேர் நடுவில் வைக்காவிட்டாலும் அப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இன்னொன்று. மாசி பிறந்ததும் இரவு ஒன்பதரை மணி வாக்கில் தெற்கே பாருங்கள். கீழே அகத்திய நட்சத்திரம், அதற்கு மேலே உயரத்தில் சிரியஸ். நம் ஊரில் அகத்தியர் எவ்வளவு ஏறினாலும் 25 டிகிரிதான். சிரியஸ் 61 டிகிரி வரை போகும். 200 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அகத்தியர் ஒரு முனை நீலமும் மறு முனை சிவப்புமாக இழுபட்ட சின்னக் கோடு மாதிரி மினுங்குவார். சிரியஸில் அந்த இழுப்பு நன்றாகக் குறைந்திருக்கும். ஒரே கண்ணாடி, ஒரே ஐபீஸ், சில நிமிட இடைவெளிதான். இதைப் பார்த்தபின் நண்பருக்கும் சந்தேகம் இருக்காது.

சரி, தீர்வு? காத்திருங்கள். நாம் 12.5 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். காவலூர் வானாய்வகமும் ஏறக்குறைய இதே அட்சரேகைதான். இங்கே கோள்கள் கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். உதித்து மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 45 டிகிரி. உச்சிக்கு வரும்போது வியாழனும் சனியும் எந்த வருடமானாலும் 50 டிகிரிக்கு மேலேதான் நிற்கும். லண்டன்காரர்களுக்குச் சில வருடங்களில் 15, 16 டிகிரியே அதிகம். காற்று பிரித்த நிறங்களைத் திரும்பச் சேர்க்கும், பட்டகம் வைத்த ஏ.டி.சி. கருவியை அவர்கள் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு அந்தச் செலவு இப்போது வேண்டாம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மொட்டை மாடியும் சுற்றியுள்ள பாறைகளும் கோள் மேலே ஏறுவதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும் என்பதால், படம் நடுங்குவதும் குறையும்.

ஏற்கெனவே எடுத்த வீடியோக்களைத் தூக்கிப் போடாதீர்கள். கோள் படங்களைச் செப்பனிடும் ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் ஆர்.ஜி.பி. அலைன் என்ற வசதி இருக்கிறது; சிவப்பு, பச்சை, நீலப் படங்களைத் தனித்தனியே நகர்த்தி ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தும். ஓர நிறம் போய்விடும். ஆனால் நீலப் படத்துக்குள்ளேயே ஏற்பட்ட இழுப்பை அதனால் சரிசெய்ய முடியாது, அதற்குக் கோள் மேலே வந்தே ஆக வேண்டும்.

வெள்ளி ஒரு விதிவிலக்கு. அது சூரியனைவிட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. இருட்டும் வரை காத்திருந்தால் கீழே இறங்கிக்கொண்டே போகும். மாலையில் சூரியன் மறைந்த உடனே, வானம் இன்னும் வெளுப்பாக இருக்கும்போதே பிடித்துவிடுங்கள்.