பரசூட் விரிந்த பிறகு

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி ஸ்கைடைவிங் பழகி, 31 ஜம்ப் முடித்து ஏ லைசன்ஸும் எடுத்துவிட்டான். இப்போது யாரோ மலிவாக விற்கும் சின்னப் பரசூட் ஒன்றை வாங்கப் போகிறானாம். "விரிஞ்சிட்டா பிறகு ஒரு பயமும் இல்லை அக்கா" என்கிறான். உண்மையா?

இல்லை. என் இடது கணுக்காலுக்குள் ஒரு தகடும் ஏழு ஆணியும் இருக்கின்றன. மாரி தொடங்கினால் அந்த இடம் உளையும். அவை உள்ளே போன அன்று என் பரசூட் ஒரு குறையும் இல்லாமல்தான் விரிந்திருந்தது. கிழிசல் இல்லை, கயிறு சிக்கவில்லை, சொன்ன பக்கம் திரும்பியது. காலை உடைத்தது என் இடது கை.

நான் இப்போது வன்னியில், முரசுமோட்டையில், வயலும் இரண்டு மாடுமாக இருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் நியூ ஜெர்சியில் வேலை. அங்கேதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. வன்னியில் வளர்ந்தவர்களுக்குப் பரசூட் என்றால் முதலில் ஞாபகம் வருவது 'பரா லைற்' தான். சண்டைக் காலத்தில் இரவில் இராணுவம் மேலே போட்டுவிட்டுப் போகிற வெளிச்சக் குண்டு அது. ஊரே பகல் மாதிரி வெளிக்கும், குட்டிப் பரசூட்டில் தொங்கிக்கொண்டு அது மெல்ல மெல்ல இறங்கும். விடிந்ததும் துணியைப் பொறுக்க ஓடுவோம். பரசூட் என்பது தன்பாட்டில் ஆறுதலாக இறங்குகிற சாமான் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் ஊறியது என்று நினைக்கிறேன்.

ஸ்கைடைவிங் காரர் பாவிக்கிறது வேறு சாதி. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, இடையில் ஏழோ ஒன்பதோ அறைகள். முன்பக்கம் வாய் திறந்திருக்கும். காற்று அதற்குள் புகுந்து நிரம்ப, துணி விமானச் செட்டை மாதிரி விறைத்துப் பறக்கும். 1960களில் இதைக் கண்டுபிடித்த டொமினா ஜால்பேர்ட் ஒரு பட்டக்காரர் என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. பட்டத்துக்கு முச்சை கட்டுகிற மாதிரியே இதிலும் முன் கயிறு கட்டை, பின் கயிறு நீளம். அதனால்தான் மூக்கைத் தாழ்த்தி முன்னோக்கி ஓடுகிறது. பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் பெரிய பரசூட்டே மணிக்கு 30 கிலோமீற்றர் அளவில் முன்னால் போகும். ஆகவே விரிந்த பிறகு உங்கள் தம்பி தொங்கிக்கொண்டு வரவில்லை, ஒரு வாகனம் ஓட்டிக்கொண்டு வருகிறான். நிறுத்துவதற்கு ஒரே ஒரு தடவைதான் பிரேக் பிடிக்கலாம், அதுவும் நிலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில்.

இனி லைசன்ஸ். அமெரிக்காவில் இதைக் கொடுப்பது அரசாங்கம் இல்லை, யுனைட்டட் ஸ்டேட்ஸ் பரசூட் அசோசியேஷன் என்ற சங்கம். ஏ லைசன்ஸுக்கு 25 ஜம்ப், பி-க்கு 50, சி-க்கு 200, டி-க்கு 500. குறி பார்த்து இறங்குவதற்கும் கணக்கு உண்டு. ஏ-க்கு இலக்கிலிருந்து 20 மீற்றருக்குள் ஐந்து தடவை, பி-க்கு 10 மீற்றருக்குள் பத்துத் தடவை, அதற்கு மேலே 2 மீற்றருக்குள் 25 தடவை. பி எடுக்கிறதென்றால் பரசூட் ஓட்டுவதற்கென்றே தனியாக ஒரு பயிற்சியும் முடிக்கவேண்டும். உங்கள் தம்பி அதற்கு இன்னும் போயிருக்க மாட்டான்.

இந்த அளவுகோல்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒன்று, மாணவனாக இருக்கும்வரை காற்று மணிக்கு 14 மைலுக்கு மேல் வீசினால் விமானத்தில் ஏறவே விடமாட்டார்கள். லைசன்ஸ் கைக்கு வந்த அன்றே அந்த எல்லை இல்லாமல் போய்விடும். நேற்று "இண்டைக்குக் காத்துக் கூட, இரு" என்று சொல்ல ஒருவர் இருந்தார், இன்று அந்த ஆள் நீயேதான். மற்றது, இலக்குக்குக் கிட்ட இறங்கவேண்டும் என்ற ஆசை மனதில் ஏறினால், கடைசி நேரத்தில் கை சும்மா இருக்காது.

கடைசி நேரத்தில் கை செய்கிற வேலைதான் முழுக் கதையும். பரசூட்டைத் திருப்பவும் பிரேக் பிடிக்கவும் கைக்கு ஒரு பிடி இருக்கும். இடது பிடியை இழுத்தால் செட்டையின் இடது பாதி வேகம் குறையும், வலது பாதி சுற்றி வரும். அதோடு நில்லாது. உங்கள் உடம்பு ஊஞ்சல் மாதிரி வெளியே வீசப்படும், பரசூட் மூக்குக் குத்திக் கீழே பாயும். உயரத்தில் இதைச் செய்தால் நல்ல விளையாட்டு. பிடியை விட்ட பிறகு அது பழையபடி தலைக்கு மேலே வந்து நிமிர நேரமும் உயரமும் வேண்டும். நூறு அடிக்குக் கீழே அந்த உயரம் உங்களிடம் இல்லை.

என் அயலவர் ஒருவர் இதை என்னைவிடக் கெதியாகப் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் தடியால் கீறி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, "தம்பி, உது லாண்ட்மாஸ்டரைக் குளக்கட்டால இறக்கிற மாதிரியெல்லே" என்றார். லாண்ட்மாஸ்டர் என்பது இரண்டு சில்லு உழவு இயந்திரம், சில்லுக்கு ஒரு கிளச். இங்கே அதை ஓடினவர்களுக்குத் தெரியும். சமதரையில் இடது கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். பள்ளத்தில் இறங்கும்போது அதே கிளச்சைப் பிடித்தால், எஞ்சின் பிடி விட்ட அந்தச் சில்லு கூட உருண்டு, வண்டி வலப்பக்கம் இழுக்கும். புதுசாக ஓடுகிறவன் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். பிறகு வாய்க்காலுக்குள்தான் போய் எடுக்கவேண்டும். நூறு நாள் சரியாக வேலை செய்த பழக்கம் நூற்றோராம் நாள், வேறொரு சரிவில், ஆளைக் கவிழ்க்கும்.

என் நூற்றோராம் நாள் 71-ஆவது ஜம்பில் வந்தது. 150 சதுர அடிப் பரசூட், பழசு, நல்ல விலை. பின்னேரம், காற்று அடங்கிப்போயிருந்தது. காற்று அடங்கினால் பரசூட் கூடத் தூரம் ஓடும் என்பது புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் நான் மத்தியானக் காற்றுக்குப் போட்ட அதே கணக்கில் வந்தேன். இறங்குகிற இடத்தைத் தாண்டி வேலியை நோக்கிப் போகிறேன் என்பது ஏறக்குறைய அறுபது அடியில்தான் தெரிந்தது. வேலிக் கட்டையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். சைக்கிள் பழகும்போது கிணற்றுக்கட்டைப் பார்த்துக்கொண்டே கிணற்றுக்கட்டில் போய் முட்டுவோமே, அதே மாதிரி. பிறகு இடது பிடியை முழங்கை நிமிர இழுத்தேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வந்த பயிற்றுநர் திட்டவில்லை. "வேலிக்கு அங்கால என்ன இருந்தது தெரியுமா? சோயா. முழங்காலளவு சோயா. நேராப் போயிருந்தா வேலிக்கு மேலால போய்ச் சோயாவுக்குள்ள குந்தியிருப்பாய்" என்றார், ஆங்கிலத்தில்தான். வேலி வெறும் பத்தடி தூரத்துக்கு மட்டும்தான் பிரச்சினை. நான் அதைப் பார்த்த பார்வையில் உலகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை.

பயிற்றுநர்கள் முதல் நாளே சொல்லித்தருகிற வரிசை ஒன்று இருக்கிறது. முதலில், செட்டை மட்டமாக, நேர்கோட்டில் வந்து இறங்கு. அடுத்தது, தடையில்லாத வெளியைப் பார். மூன்றாவது, இரண்டு பிடியையும் குறைந்தது பாதிக்காவது இழுத்து வேகத்தைக் குறை. நாலாவது, கால்களை ஒட்டி வைத்து விழுந்து உருள். இந்த வரிசையில் 'காற்றுக்கு எதிராக இறங்கு' என்பது இல்லை என்பதை உங்கள் தம்பி கவனித்தானா என்று கேளுங்கள். காற்றுக்கு எதிராக இறங்குவது நல்லதுதான். பரசூட் 30, காற்று 15 என்றால் எதிர்க்காற்றில் நிலத்தோடு 15 கிலோமீற்றர் வேகம், பின்காற்றில் 45. பின்காற்றில் இறங்கினால் சட்டை கிழியும், முழங்கால் தேயும், சில நேரம் எலும்பும் போகும். ஆனால் அதைத் தவிர்க்கத் தாழ்வாகத் திரும்பினவர்கள் பலர் எழும்பவே இல்லை. அதனால்தான் அது வரிசையில் இல்லை.

தாழ்வாகத் திரும்பத்தான் வேண்டுமென்றால் அதற்கும் முறை உண்டு. இரண்டு பிடியையும் பாதிக்கு இழுத்து வைத்துக்கொண்டு, திரும்பவேண்டிய பக்கத்தைக் கொஞ்சம் கூட இழுப்பது, அல்லது மறுபக்கத்தைக் கொஞ்சம் மேலே விடுவது. பரசூட் பாயாமல், மட்டமாக, சோம்பலாகத் திரும்பும். இதை மூவாயிரம் அடியில் ஐம்பது தடவை செய்தவனுக்குத்தான் அறுபது அடியில் கை அப்படிப் போகும். எனக்கு அந்தப் பாடம் தெரியும். தெரிந்திருந்து என்ன, கைக்குத் தெரியவில்லை.

கைக்குத் தெரியாத இன்னொன்றும் சொல்கிறேன், இது சின்ன விஷயம் ஆனால் மணிக்கட்டுகளை உடைக்கிற விஷயம். நிலம் கிட்ட வரும்போது விழப்போகிறோம் என்று மனம் சொன்னால் ஒரு கை தானாக ஊன்றப் போகும். ஊன்றப் போகிற கையில் பிடி இருக்கிறது. அந்தப் பக்கம் பரசூட் திரும்பும், விழுகை இன்னும் மோசமாகும். அதேபோல, உயரத்திலேயே அவசரப்பட்டுப் பிரேக் பிடித்துவிட்டால் ஒருபோதும் திரும்ப மேலே விடக்கூடாது. விட்டால் முன்னால் பாயும். பிடித்தபடி பிடித்து, கால்களை ஒட்டி, உருளுவதுதான் வழி.

இனி அந்தச் சின்னப் பரசூட். இதற்கு ஒரு கணக்கு உண்டு, விங் லோடிங் என்பார்கள். ஆளின் பாரத்தோடு சாமான்களின் பாரத்தையும் சேர்த்து இறாத்தலில் எடுத்து, பரசூட்டின் சதுர அடியால் பிரிப்பது. 73 கிலோ ஆள், சாமான்களோடு ஏறக்குறைய 185 இறாத்தல் என்று வையுங்கள். 230 சதுர அடியில் 0.8. 190-இல் கிட்டத்தட்ட 1. 150-இல் 1.23. 135-இல் 1.37. புள்ளிக்குப் பிறகு வருகிற இலக்கம்தானே என்று தோன்றும். 190-இலிருந்து 135-க்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், ஆனால் மோதுகிற சக்தி 40 வீதம் கூடும். அதைவிட, கயிறுகள் கட்டையாக இருப்பதால் கொஞ்சம் இழுத்தாலே சட்டென்று திரும்பும், திரும்பும்போது கூட உயரம் தின்னும். பெரிய பரசூட்டில் செய்த அதே பிழைக்கு இது வேறு தண்டனை கொடுக்கும். முதல் நூறு ஜம்ப் வரைக்கும் 1-க்கு மேலே போகாதே, பிறகு நூறு ஜம்புக்கு 0.1 கூட்டு என்பது பயிற்றுநர்கள் மத்தியில் நடமாடுகிற கணக்கு. லைசன்ஸில் அது எழுதியிருக்காது. நான் 71-இல் 1.23-இல் பறந்தேன். ஒருவரும் மறிக்கவில்லை, மறித்திருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது. விலை அவ்வளவு நல்ல விலை.

சாமான் திறமாக வரவர மனிதர் அதே அளவுக்குத் துணிவார்கள் என்று பில் பூத் சொல்வார். கோளாறான பரசூட்டை மூன்று வளையத்தால் கழற்றிவிடுகிற முறையைக் கண்டுபிடித்தவர் அவர். 1991-இல் சைப்ரஸ் என்ற கருவி வந்தது. ஆள் பரசூட்டை இழுக்க மறந்து அல்லது மயங்கி, 750 அடிவரை விழுந்துவிட்டால், அது தானே இரண்டாவது பரசூட்டைத் திறக்கும். எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதே 90களில்தான் பரசூட்டுகள் சின்னனாகி வேகம் பிடித்தன, நல்ல பரசூட்டின் கீழே சாகிறவர்கள் கூடினார்கள். தாழ்வாகத் திரும்புகிறவனுக்கு சைப்ரஸ் ஒன்றும் செய்யாது.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை, இது எங்கள் ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். சோளகம் அடிக்கிற ஆடியில் பனை வளவுக்குப் பின்னால் நின்று நெல்லுத் தூற்றிப் பாருங்கள். பதர் ஒரு திசைக்குப் போகாது, சுழன்று முகத்தில் அடிக்கும். ஒரு தடையின் உயரத்தைப்போல் பத்து முதல் இருபது மடங்கு தூரத்துக்கு அதன் பின்பக்கம் காற்றுக் குழம்பும். அறுபது அடிப் பனை என்றால் அறுநூறு அடி, அதற்கு மேலும். அதற்குள் வருகிற பரசூட் கடைசி இருபது அடியில் மடங்கக்கூடும். பரந்தன் பக்கம் வெட்டின வயலில் மத்தியானம் எழும்புகிற சுழிக்காற்றும் அப்படித்தான், தூசி இல்லாத இடத்தில் அது கண்ணுக்கும் தெரியாது. இந்த வெளியை வரம்பில் நின்று பார்க்கும்போதெல்லாம் இப்போதும் என் கண் இறங்குகிற கோட்டைத்தான் போடுகிறது: ஆயிரம் அடியில் வாய்க்காலுக்கு மேலே, அறுநூறில் திரும்பி, முன்னூறில் காற்றுக்கு நேரே, மின்கம்பியை இடப்பக்கம் விட்டு.

ஆகவே தம்பியிடம் "கவனமாக இரு" என்று சொல்லாதீர்கள், அதை எல்லாரும் சொல்கிறார்கள். இதைக் கேளுங்கள்: அந்தப் பரசூட்டில் உன் விங் லோடிங் எவ்வளவு? கடைசிப் பத்து இறக்கத்தில் நினைத்த இடத்துக்கு எத்தனை வந்தது, நூறு அடிக்குக் கீழே எத்தனை தடவை கை ஆடியது? பாதிப் பிரேக்கில் திரும்புவதைக் கடைசியாக எப்போது உயரத்தில் பழகினாய்? மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் பயிற்றுநரிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். தடுமாறினால் இப்போது இருக்கிற பெரிய பரசூட்டிலேயே பி லைசன்ஸ் பயிற்சியை முடிக்கட்டும், விற்கிறவருக்கு வேறு ஆள் கிடைப்பார்.

ஊருக்கு வந்தால் என்னிடம் அனுப்புங்கள். குளக்கட்டால் லாண்ட்மாஸ்டர் இறக்கக் கொடுக்கிறேன்.